யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும்?

வடகரைக் கதை – 14

கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். மறுபடி ஏறுவது டிசம்பர் 15. அப்போது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வெளியே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் அந்த இடத்தில் நிற்பது உயிரைப் பணயம் வைப்பது. கொடிமரம் கண்ணில் படவில்லையென்றால், வந்த கப்பல் அங்கே நிற்கக் கூடாது என்று பொருள்.

அந்தச் செய்தியில் எந்தக் கப்பலின் பெயரும் இல்லை. கடலில் எத்தனை கப்பல் இருக்கிறது என்று கோட்டைக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தொலைநோக்கியைக் கோட்டைப் பக்கம் திருப்பியவர் எவரோ, அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

துறைமுகம் கட்டிய கதையையும், 1881 நவம்பர்ப் புயல் அதன் அலைதடுப்புச் சுவர்களை உடைத்த கதையையும் முந்தைய இதழ்களில் பார்த்தோம். கல்லும் கிரேனும் இரயில் பாதையும் அந்தக் கதையில் நிறைய வந்தன. இந்த இதழில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுமானத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரு செய்தி பலருக்குப் போக வேண்டும்; ஆனால் எல்லோருக்கும் போகத் தேவையில்லை. அப்படியானால் ‘யார் யாருக்கு’ என்ற பட்டியல் யார் கையில் இருக்க வேண்டும்? சொல்பவர் கையிலா, செய்தி போகும் வழியிலா, கேட்பவர் கையிலா? இன்றைய கணினி வலையமைப்பில் மல்டிகாஸ்ட் என்று அழைக்கப்படும் குழு முகவரி முறை இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட ஒரு விடை. அதே கேள்விக்கு இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடற்கரை நூறாண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு விடைகளை அனுபவித்துவந்திருக்கிறது.

1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைச் சேவை தொடங்கியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை உருவானது. கிழக்குக் கரைக்கு ஒரு முறை, மேற்குக் கரைக்கு ஒரு முறை என்று குறியீடுகள் சிதறிக் கிடந்தன. 1898 ஏப்ரல் 1 முதல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே முறை வந்தது. சிறு மாற்றங்களோடு அதுதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. செய்தித்தாளில் நாம் படிக்கும் ‘மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்பது இந்த வரிசையில் ஒன்று.

பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மொத்தம் 11 எண்கள். முதல் இரண்டும் தொலைவில், நடுக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன் மேலேயே கடக்குமா என்பதைப் பொறுத்து எண் மாறும். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்றாம் எண் தனி இனம். அது புயலைப் பற்றிப் பேசுவதில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி தாமே கருதுகிறார் என்பதே அதன் செய்தி. செய்தி வராமல் போவதையும் ஒரு செய்தியாக்கிக் கம்பத்தில் ஏற்றிக் காட்டிய அந்த முன்யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். வலையமைப்பை வடிவமைக்கிறவர்கள் பலர் இன்றும் கடைசியாக நினைப்பது இதைத்தான்.

கூண்டு கம்பத்தில் ஏறிய பின் அதைப் பார்ப்பவர் எல்லோருக்கும் அது பொது. ஆனால் அது ஏறுவதற்கு முன்னால் வேறொரு பயணம் இருக்கிறது. புயல் பற்றிய கணிப்பு நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலகத்திலிருந்து துறைமுக அதிகாரிக்குப் போக வேண்டும். தந்திக் காலத்தில் மாவட்ட ஆட்சியர், இரயில்வே, தந்தி அலுவலகம், மீன்வளத் துறை, உப்பளம் என்று வேறு பலருக்கும் போக வேண்டியிருந்தது. எச்சரிக்கை பெற வேண்டியவர்களின் பட்டியல் ஒன்றை வானிலைத் துறை வைத்திருந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தந்தி.

இன்றைய மொழியில் இது யூனிகாஸ்ட். முகவரிக்கு ஒரு பிரதி. பட்டியல் முழுக்க அனுப்புபவர் மேசையில். கல்யாணப் பத்திரிகையை வீடு வீடாகப் போய் வைப்பது போன்ற வேலை இது. மரியாதை உண்டு, யார் வீட்டுக்குப் போயிற்று என்று தெரியும், ஆனால் நேரம் பிடிக்கும். ஐம்பது பேருக்கு ஐம்பது தடவை அதே வாசகத்தைத் தட்ட வேண்டும். கடைசித் தந்தி புறப்படுவதற்குள் முதல் தந்தி பழையதாகியிருக்கும். புயல் நெருங்க நெருங்கச் சொல்ல வேண்டியது கூடும். அதே நேரம் கம்பங்கள் சாயும், கம்பிகள் அறும். எந்த நேரத்தில் மிகவும் தேவையோ அந்த நேரத்தில்தான் வழி அடைபடும்.

1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவி சீமையில் அதுதான் நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடல் நீரில் மாண்டார்கள். கம்பியை நம்ப முடியாது என்ற பாடம் அதன் பின் எல்லோருக்கும் உறைத்தது. கம்பி இல்லாத வழி எது? 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்கலம் சுமந்து சென்ற இன்சாட்-1பி அதற்கு வழி திறந்தது.

அதற்குப் பின் வந்த ஏற்பாடு நம் கரையில், சென்னையை மையமாக வைத்து நடந்தது என்பதையும், அது இன்று அநேகமாக மறக்கப்பட்டுவிட்டது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1980-களின் நடுவில் இஸ்ரோ உருவாக்கிய பேரிடர் எச்சரிக்கை அமைப்பு அது. வட தமிழ்நாட்டுக் கரையிலும் தென் ஆந்திரக் கரையிலுமாக முதலில் 100 வாங்கிப் பெட்டிகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஷ் ஆன்டெனா. சென்னைப் புயல் எச்சரிக்கை மையத்தில் இருக்கும் அதிகாரி செய்தியைத் தரைநிலையத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து அது செயற்கைக்கோளுக்கு ஏறும். செயற்கைக்கோள் எஸ் அலைவரிசையில் நாடு முழுவதற்கும் அதைப் பொழியும்.

நாடு முழுவதற்கும் பொழிந்தால் எல்லாப் பெட்டியும் அலறாதா? அங்கேதான் முகவரி வருகிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குறியீடு பதிக்கப்பட்டிருந்தது. அந்தக் குறியீடு தனிப் பெட்டிக்கு உரியது அன்று, மாவட்டத்துக்கு உரியது. மையத்து அதிகாரி எந்த மாவட்டத்தின் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கிறாரோ அந்த மாவட்டத்துப் பெட்டிகள் மட்டும் விழித்துக்கொள்ளும். முதலில் சைரன், பிறகு மனிதக் குரல், தமிழ்க் கரைக்குத் தமிழில், ஆந்திரக் கரைக்குத் தெலுங்கில். மற்ற மாவட்டங்களின் பெட்டிகளிலும் அதே அலை விழுந்துகொண்டுதான் இருக்கும். தம் குறியீடு இல்லை என்று கண்டு அவை பேசாமல் இருக்கும்.

ஒரு மாவட்டத்தில் இரண்டு பெட்டி இருந்தாலும் இருபது இருந்தாலும் அனுப்புபவருக்கு வேலை ஒன்றே. இருபத்தொன்றாவதை நிறுவினால் சென்னையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பட்டியல் அனுப்புபவர் மேசையை விட்டு நகர்ந்து, மீனவர் குப்பத்துக்கு அருகிலோ காவல் நிலையத்திலோ இருக்கும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. 1990 மே 9 அன்று கிருஷ்ணா ஆற்று முகத்தருகே கரையைக் கடந்த புயல் 1977 புயலுக்கு இணையான வலிமை கொண்டது. அப்போது இந்த அமைப்பு பயன்பட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். இறந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். அதுவும் பெருந்துயரம்தான், ஆனாலும் 1977-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் என்ற ஆய்வு மாணவர் கணினிகளுக்காக இதே கேள்வியோடு போராடிக்கொண்டிருந்தார். 1985 டிசம்பரில் அவரும் அவருடைய ஆசிரியர் டேவிட் செரிட்டனும் ‘கணினிக் குழுக்கள்’ பற்றிய முன்மொழிவை வெளியிட்டார்கள். அது திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு 1989 ஆகஸ்டில் இணையத்தின் தரநிலை ஆவணம் 1112 ஆக வந்தது. சென்னைக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் இதில் தொடர்பு எதுவும் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஒரே காலத்தில், ஒரே முடிச்சை, இரண்டு இடத்தில் அவிழ்த்தார்கள். இங்கே அவிழ்த்தவர்களின் பெயர்களைப் பாடநூல் சொல்வதில்லை.

டீரிங்கின் முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இணையத்தில் ஒரு கணினியின் முகவரி 32 இலக்கம் கொண்டது. இலக்கம் என்றால் இங்கே பூஜ்யமோ ஒன்றோதான். படிப்பதற்கு எளிதாக அதை நான்கு எண்களாகப் புள்ளி வைத்து எழுதுகிறோம். முதல் நான்கு இலக்கங்கள் 1110 என்று தொடங்கினால் அது எந்தக் கணினியின் முகவரியும் அன்று, ஒரு குழுவின் முகவரி. எழுத்தில் பார்த்தால் 224-இல் தொடங்கி 239 வரை. மீதி 28 இலக்கங்களில் சுமார் 26.8 கோடிக் குழுக்களுக்கு இடம் உண்டு. சில முகவரிகள் முன்பே ஒதுக்கப்பட்டவை: 224.0.0.1 என்றால் அந்த உள்வலையில் குழுச்செய்தி அறிந்த எல்லாக் கணினிகளும், 224.0.0.2 என்றால் செய்திக்கு வழிகாட்டும் எல்லா ரவுட்டர்களும். 239-இல் தொடங்குபவை ஒரு நிறுவனம் தன் எல்லைக்குள் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள.

குழுவுக்கு முகவரி உண்டே தவிர, உறுப்பினர் பட்டியல் எங்கேயும் எழுதி வைக்கப்படுவதில்லை. இந்த முறையின் உயிர்நாடி இதுதான். அனுப்பும் கணினி குழு முகவரியை உறையில் எழுதி ஒரே ஒரு பிரதியை வெளியே விடுகிறது. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலாது. கேட்க விரும்பும் கணினி தன் பக்கத்து ரவுட்டரிடம் ‘இந்தக் குழுவின் செய்தி எனக்கு வேண்டும்’ என்று சொல்கிறது. ரவுட்டர் அவ்வப்போது ‘யாருக்காவது இன்னும் வேண்டுமா?’ என்று கேட்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு கணினியும் சிறிது நேரம், தற்செயலாகத் தேர்ந்த ஒரு நேரம், காத்திருக்கும். அதற்குள் வேறொரு கணினி அதே குழுவுக்காகக் குரல் கொடுத்துவிட்டால் இது வாயைத் திறக்காது. ஒருவர் கேட்டாலே போதும், அந்தக் கிளைக்குச் செய்தி வரும். எத்தனை பேர் என்ற கணக்கு ரவுட்டருக்குத் தேவையில்லை. பின்னாளில் வந்த பதிப்பு இந்த வாய்மூடும் ஏற்பாட்டைக் கைவிட்டது. ஆனாலும் முதல் வடிவத்தின் சிக்கனத்தில் ஓர் அழகு இருக்கிறது.

ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி ஒரு மரத்தை அமைத்துக்கொள்கின்றன. வேர் அனுப்புபவர், இலைகள் கேட்பவர்கள். ஒரு கிளை பிரியும் இடத்தில் மட்டுமே பிரதி எடுக்கப்படும். கேட்பவர் யாரும் இல்லாத கிளை வெட்டப்படும். வேரிலிருந்து முதல் கிளை வரை, கேட்பவர் ஆயிரமானாலும் லட்சமானாலும், ஓடுவது ஒரு பிரதிதான்.

உள்வலையில் கணினியைக் கம்பியோடு இணைக்கும் ஈதர்நெட் அட்டைக்கும் தனி முகவரி உண்டு, 48 இலக்கம். குழு முகவரியை அதற்குள் பொருத்த வேண்டும். இதைப் பற்றித் துறையில் வழங்கும் கதை ஒன்று உண்டு. 28 இலக்கங்களும் முழுதாக அடங்க வேண்டுமானால் 16 முகவரித் தொகுதிகள் தேவை. தொகுதி ஒன்றின் விலை ஆயிரம் டாலர். ஆய்வுக்கூடத்தில் டீரிங்கின் பணியைக் கவனித்துவந்த ஜான் போஸ்டெல் ஒன்றை மட்டும் வாங்கி, அதிலும் பாதியையே டீரிங்குக்குக் கொடுத்தார் என்பார்கள். கதை எப்படியிருந்தாலும் விளைவு தரநிலையிலேயே பதிந்திருக்கிறது: 23 இலக்கங்களுக்குத்தான் இடம். ஐந்து இலக்கங்கள் வெளியே தள்ளப்பட்டதால் 32 வெவ்வேறு குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியில் வந்து விழுகின்றன. அட்டை தவறாக உள்ளே விடுவதைக் கணினியின் மென்பொருள் இன்னொரு முறை சலித்து எடுக்க வேண்டியிருக்கிறது. சில ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்ததன் கூலியை உலகின் ஒவ்வொரு கணினியும் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியியல் கூட்டத்தின் ஒலியை இந்த முறையில் மூன்று கண்டங்களில் இருபது இடங்களுக்கு அனுப்பினார்கள். இனி உலகத் தொலைக்காட்சியே இப்படித்தான் வரும் என்று நம்பினார்கள். வரவில்லை. குழுக்களின் நிலவரத்தை வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பிரதி வாங்கி ஆயிரம் பிரதி கொடுக்கும் நிறுவனம் யாரிடம் காசு கேட்பது என்று தெரியவில்லை. முகமறியாதவர் யாரும் குழுவுக்குள் எதையும் எறியலாம். இதனால் மல்டிகாஸ்ட் பொது இணையத்திலிருந்து விலகி, ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் மூடிய வலைகளுக்குள் போய்ச் செழித்தது. பங்குச் சந்தையின் விலைப் பட்டியல், கம்பிவழித் தொலைக்காட்சி, துணைமின் நிலையத்தில் ஒரு ரிலே பல பிரேக்கர்களுக்கு ஒரே சமயத்தில் இடும் கட்டளை எல்லாம் இப்படித்தான் போகின்றன.

எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் புதிய கப்பல் ஒன்றின் மேல்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ், கைரோ, ராடார், மின்னணு வரைபடம், பயணப் பதிவுப் பெட்டி என்று பல கருவிகள். முன்பு ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி ஓடும். 2011-இல் வந்த சர்வதேசக் கப்பல் வலைத் தரநிலை எல்லாவற்றையும் ஒரே ஈதர்நெட்டில் கட்டி, செய்தி வகைக்கு ஒரு குழு முகவரி கொடுத்தது. ராடார் இலக்குகளுக்கு 239.192.0.2, கப்பலின் திசை, ஆட்டம் ஆகியவற்றுக்கு 239.192.0.3, இடம், வேகம் முதலியவற்றுக்கு 239.192.0.4. ஜிபிஎஸ் தன் இடத்தைக் குழுவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வரைபடத்துக்கு வேண்டுமானால் அது கேட்டுக்கொள்ளும். புதிதாக ஒரு கருவியைப் பொருத்தினால் ஜிபிஎஸ்ஸுக்கு அதைத் தெரிவிக்க வேண்டியதில்லை.

கப்பலுக்குள் இப்படி என்றால் கப்பல்களுக்கு இடையே? கடல் வானொலி இந்த முறையைக் கணினிக்காரர்களைப் போலவே நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. 518 கிலோஹெர்ட்சில் இயங்கும் நேவ்டெக்ஸ் சேவையைப் பாருங்கள். உலகம் முழுவதும் அதே ஓர் அலைவரிசை. நிலையங்களுக்கு ஆங்கில எழுத்துகள் 24. ஒவ்வொரு எழுத்துக்கும் பத்து நிமிடம். நான்கு மணி நேரத்தில் ஒரு சுற்று. சென்னைக்கு ஒதுக்கப்பட்டது 16-ஆம் எழுத்து. கணக்குப் போட்டால் கிரீன்விச் நேரம் இரண்டரை மணி, நம் நேரம் காலை எட்டு. பிறகு பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என்று சுற்றிவரும். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் நான்கு குறிகள் இருக்கும். முதலாவது நிலையம், இரண்டாவது செய்தியின் வகை, பின் இரண்டும் வரிசை எண். கப்பலில் உள்ள கருவியில் எந்த நிலையம், எந்த வகை வேண்டும் என்று மாலுமி அமைத்துக்கொள்வார். ஒரு முறை வந்த வரிசை எண் மறுபடி வந்தால் கருவி அச்சிடாது.

ஆனால் மூன்று வகைகளை மாலுமி விரும்பினாலும் அணைக்க முடியாது: பயணப் பாதை எச்சரிக்கை, வானிலை எச்சரிக்கை, ஆபத்தில் இருப்போரைத் தேடும் செய்தி. கேட்பவருக்குத் தேர்வு உண்டு. உயிர் போகும் விஷயத்தில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். டீரிங்கின் முறையில் இல்லாத ஒன்று இது. இரண்டையும் எடை போட்டால், எச்சரிக்கைக்கு நேவ்டெக்ஸின் வழியே சரி என்பது என் முடிவு.

இதுவரை சொன்னதெல்லாம் கருவி வைத்திருப்பவர்களின் கதை. காசிமேட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் தங்கலுக்குப் போகும் லாஞ்சிலோ, எண்ணூர்க் குப்பத்திலிருந்து விடியலுக்கு முன் இறங்கும் ஃபைபர் படகிலோ நேவ்டெக்ஸ் கிடையாது. கூண்டு அவர்களுக்கானதும்தான், கரையில் இருக்கும்வரை. ‘கூண்டு ஏத்திட்டாங்க’ என்ற சொல் குப்பத்துக்குள் வந்தால் அன்றைக்குப் படகு இறங்காது. முன்பே கடலுக்குள் போய்விட்டவருக்குத் துறைமுகக் கம்பத்தில் என்ன ஏறியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் கரைக்கு எந்தக் குழுவும் இல்லை, எந்த முகவரியும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை மையமே அப்போது கிடையாது. ஹைதராபாத்தில் இந்திய மையம் செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில். புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு கிராமத்தில் மட்டும் வேறுவிதமாக நடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் செய்தி கேட்டு ஊருக்குத் தொலைபேசினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊரே வெளியேறியது, சுமார் 3,600 பேர். ஒரு தனித் தொலைபேசி அழைப்பு, ஒரு மைக் செட். செய்தி கேட்பவரைச் சென்று சேரும் கடைசித் தாவலை இயந்திரம் செய்ய வேண்டும் என்பதில்லை. கேட்கும் தூரத்தில் ஒரு குரல் இருக்க வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடைசித் தாவல் அறுந்தது. கன்னியாகுமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் எச்சரிக்கை வருவதற்குப் பல நாள் முன்பே கிளம்பியவர்கள். கைப்பேசிக் கோபுரம் எட்டும் தூரம் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் அவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

அதன் பிறகு 2019 அக்டோபரில் ஜெமினி என்ற சிறு கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையையும் மீன்வளத் தகவலையும் வாங்கி, மீனவரின் கைப்பேசிக்கு புளூடூத்தில் கொடுக்கும். ஒருவழிதான், கரைக்குப் பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இருவழி டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளுக்குத் தரும் என்கிறது. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கிடையே செல் பிராட்காஸ்ட் வந்திருக்கிறது. 2023-இல் நம் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும்; அது இதன் சோதனை. குறுஞ்செய்தி என்றால் லட்சம் எண்களுக்கு லட்சம் பிரதி, பழைய தந்திப் பட்டியலின் அதே முறை. செல் பிராட்காஸ்ட்டில் யாருடைய எண்ணும் தேவையில்லை. வரைபடத்தில் ஓர் எல்லையை வரைந்தால் அதற்குள் இருக்கும் கோபுரங்கள் ஒவ்வொன்றும் ஒரு பிரதியைப் பொழியும். எல்லைக்குள் நிற்கும் கைப்பேசி எதுவாயினும் வாங்கிக்கொள்ளும். இடமே முகவரி. இன்சாட் பெட்டியின் மாவட்டக் குறியீடு செய்ததை இது தெரு அளவுக்கு இறக்கியிருக்கிறது.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ‘யார் யாருக்கு’ என்ற அந்தப் பட்டியல் அனுப்புபவர் மேசையிலிருந்து மெல்ல மெல்லக் கேட்பவர் கைக்கு வந்திருக்கிறது. இதை முழுமனதாக வரவேற்கிறேன். ஆனால் பட்டியலோடு செலவும் கேட்பவர் பக்கம் வந்துவிட்டது. தந்திக் காலத்தில் ஆட்சியர் தந்திக்குப் பணம் கட்டவில்லை. கூண்டைப் பார்ப்பதற்கு எவரும் கருவி வாங்கவில்லை. இன்று குழுவில் சேர ஒரு பெட்டி வேண்டும், அதற்கு மின்கலம் வேண்டும், பழுதானால் சரிசெய்ய ஆள் வேண்டும். விசைப்படகு உரிமையாளருக்கு மானியத்தில் டிரான்ஸ்பாண்டர் வரும். திருவொற்றியூர்க் குப்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் ஃபைபர் படகுக்கு? எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் தடவிப் பிடிப்பவருக்கு? அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கசிவும் கழிமுகத்தின் பிடிப்பைக் குறைத்த பின், வழக்கத்தைவிடத் தொலைவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று மீனவர்கள் சொல்கிறார்கள். கோபுரம் எட்டாத தூரத்துக்குச் சிறு படகும் தள்ளப்பட்டால் எச்சரிக்கையின் எல்லைக் கோடும் அதனோடு வெளியே நகர வேண்டும்.

ஃபைபர் படகில் நனையாத இடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே மீன்வளத் துறையின் அடுத்த கொள்முதல் ஒப்பந்தத்தில் நான் பார்க்க விரும்புவது எளிய விஷயங்கள்: உப்புத் தண்ணீரில் விழுந்தாலும் சாகாத பெட்டி, ஒரு வாரம் தாங்கும் மின்கலம், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வானிலை எச்சரிக்கையை அணைக்க முடியாத அமைப்பு, சைரனுக்குப் பின் எழுத்து மட்டுமல்லாமல் தமிழில் ஒரு குரல். நான்கும் இந்தக் கரை முன்பே ஏதாவது ஒரு கருவியில் கண்டவை. ஒரே பெட்டிக்குள், காசிமேட்டுக் கடைப் பலகையில் வைத்து விற்கும் விலைக்கு, அவை இன்னும் வரவில்லை.